நித்திரையில் மூச்சுத் தடை: மெஷினை ஆயுள் முழுக்கப் போடத்தான் வேண்டுமா?

கேள்வி கோண்டாவிலில் இருந்து ஒரு மகளுடையது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான். அப்பாவுக்கு 57 வயது. ஹயர் வான் ஓடுகிறவர். பாதி ஓட்டம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு, அதுவும் இரவில். வருடக்கணக்காகக் குறட்டை. பிரஷருக்கு மூன்று வகைக் குளிசை போட்டும் அடங்கவில்லை. பகலில் கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிவிடுகிறார். நித்திரைப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ 42, ஒட்சிசன் 74 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. முகத்தில் மாஸ்க் மாட்டி ரியூப் வழியாகக் காற்று அனுப்புகிற சிபாப் மெஷின் போடச் சொன்னார்கள். "ஆயுள் முழுக்க" என்று கேட்டதும் அப்பா பின்வாங்கிவிட்டார். கனடாவில் இருக்கும் பெரியப்பா தான் பாவித்த பழைய மெஷினை அனுப்புகிறேன் என்கிறார். நீண்டகாலத்தில் நன்மை கூடவா, கெடுதல் கூடவா?

சுவாச நோய்க் கிளினிக்கில் இந்த மெஷின்களோடு பல வருடமாக மாரடிப்பவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு இது தேவை. ஆனால் ஆயுள் முழுக்கப் போடுவதா என்பதை இன்றைக்கே முடிவுகட்ட வேண்டியதில்லை. மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுப் பார்ப்பது என்று மட்டும் அவரோடு கதைத்து ஒத்துக்கொள்ள வையுங்கள். மிச்சத்தை அந்த மூன்று மாதம் சொல்லும். 57 வயது மனிதரிடம் போய் இனிச் சாகும்வரை முகத்தில் ரியூப்போடுதான் படுக்கை என்றால் யார்தான் சம்மதிப்பார்?

ஏ.எச்.ஐ என்ற அந்த 42 எண் என்னவென்று பலர் கேட்பதில்லை, கிளினிக்கில் சொல்லவும் நேரம் கிடைப்பதில்லை. நித்திரையில் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை மூச்சு குறைந்தபட்சம் 10 விநாடி நின்றது அல்லது நன்றாகக் குறைந்தது என்ற கணக்கு அது. 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. 42 என்றால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒருதரம் அவருக்கு மூச்சு தடைப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் மூளை அரைகுறையாக விழித்து, தொண்டையைத் திறந்துவிட்டு, திரும்ப உறங்குகிறது. காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. எட்டு மணித்தியாலம் படுத்தும் ஏன் அலுப்புப் போகவில்லை என்று மட்டும் யோசிப்பார்.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர, நாக்கு பின்னால் சரிய, மூச்சுப் பாதை ஒட்டிக்கொள்கிறது. காற்றுப் போன சைக்கிள் ரியூப் ஒட்டிக் கிடக்கும், காற்று இருந்தால் ஒட்டாது. சிபாப் செய்வது அவ்வளவுதான். அது ஒட்சிசன் சிலிண்டரும் இல்லை, அப்பாவுக்குப் பதிலாக மூச்சு விடுகிற கருவியும் இல்லை. அறையில் இருக்கிற அதே காற்றைக் கொஞ்சம் அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் இந்த முறையை வெளியிடும்வரை, கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான் வைத்தியமாக இருந்தது. மாஸ்க்கைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

சரி, நன்மைக்கு வருவோம். நன்மை என்று சொல்லப்படுவதெல்லாம் ஒரே எடை கொண்டவை இல்லை.

நிச்சயமானது பகல் நித்திரை குறைவது. உங்கள் அப்பா போலக் கடுமையாக இருப்பவர்களில் சிலருக்கு முதல் வாரத்திலேயே தெரியும், சிலருக்கு ஒன்றிரண்டு மாதம் எடுக்கும். வான் ஓடுகிறவருக்கு இதைவிடப் பெரிய நன்மை வேண்டாம். வைத்தியம் செய்யாத மூச்சுத் தடை உள்ளவர்கள் வாகன விபத்தில் மாட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்றும், மெஷினை ஒழுங்காகப் பாவித்தால் அது குறைகிறது என்றும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் எல்லோரும் ஏ9 வீதியில் மேலே போகிறோம். ஆனால் அதற்குப் பிறகு மாங்குளம், புளியங்குளம் என்று இருட்டுக்குள் நேராகக் கிடக்கிற அந்த வீதியில், பிள்ளையார் ஸ்டியரிங்கைப் பிடிக்கமாட்டார். பின் இருக்கையில் ஒரு குடும்பமே உறங்கிக்கொண்டு வருகிறது. ஆகவே வைத்தியம் பிடிபடும்வரை இரவு ஹயர் வேண்டாம். பகல் ஓட்டத்தையும் வைத்தியரிடம் கேட்டுத்தான் ஓட வேண்டும். வருமானம் போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இரண்டாவது நன்மையை வீடுகளில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. இரவில் மூன்று நான்கு தரம் சலத்துக்கு எழும்புவது குறையும். மூச்சு அடைபட்டிருக்கும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் இழுவையால் இதயம் விரிந்து, சலத்தைக் கூட்டுகிற ஒரு ஓமோனைச் சுரக்கிறது. சலரோகம் என்றும் புரொஸ்ரேட் என்றும் அலைந்தவர்களில் சிலருக்கு, மெஷின் போட்ட பிறகு இரவில் ஒரே தடவையோடு நின்றிருக்கிறது. காலைத் தலையிடி, எரிந்து விழுகிற குணம் இவையும் பெரும்பாலும் தணியும். பக்கத்தில் படுக்கிற அம்மாவின் நித்திரையையும் கணக்கில் சேருங்கள். கிளினிக்கில் "இவருக்கு இப்ப பரவாயில்லை" என்று முதலில் சொல்வது அநேகமாக மனைவிமார்தான்.

பிரஷரில் சராசரிப் பலன் சின்னது, இரண்டு மூன்று புள்ளி. மூன்று குளிசைக்கும் அடங்காத பிரஷர் உள்ளவர்களுக்கு, மெஷினையும் ஒழுங்காகப் போட்டால், இதைவிடக் கூடக் கிடைக்கலாம். உங்கள் அப்பா அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அதற்காக மெஷின் வந்த அன்றே குளிசையைக் குறைக்கிற வேலை வேண்டாம். சலரோகம் இருந்தால் சீனி இறங்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஆய்வுகளில் அது நிலையாகத் தெரியவில்லை. உடம்பு மெலியும் என்று சிலர் சொல்வதும் பிழை, சராசரியாகப் பார்த்தால் நிறை ஒரு துளி கூடவே செய்கிறது.

மாரடைப்பும் பாரிசவாதமும்தான் பெரிய கேள்வி. விற்கிறவர்கள் முதலில் சொல்வதும் இதைத்தான். ஸ்பெயினில் ஆண்களைச் சுமார் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 2005இல் வெளியான ஆய்வில், கடுமையான மூச்சுத் தடையை வைத்தியம் செய்யாமல் விட்டவர்களுக்கு இதய நோய்ச் சாவு தெளிவாகக் கூட இருந்தது. மெஷின் போட்டவர்களுக்கு அப்படி இல்லை. ஆனால் அது சீட்டுப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை. மெஷினை ஒழுங்காகப் போடுகிறவர் குளிசையையும் ஒழுங்காகப் போடுகிறவராக இருப்பார் என்ற சந்தேகத்துக்கு அதில் இடமிருக்கிறது. அப்படிப் பிரித்துச் செய்த பெரிய ஆய்வு 2016இல் வந்தது. ஏற்கனவே இதய நோயோ பாரிசவாதமோ வந்த 2,717 பேர், சராசரியாக 3.7 வருடம். மாரடைப்பு, பாரிசவாதம், சாவு எதுவும் குறையவில்லை. பகல் நித்திரையும் மனநிலையும் நன்றாகின.

இதைக் காட்டி "மெஷினால் பிரயோசனமில்லை" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆய்வை ஆழமாகப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, அவர்கள் மெஷினைப் போட்டது இரவுக்குச் சராசரியாக 3.3 மணித்தியாலம்தான், பாதி இரவுகூட இல்லை. மற்றது, பகலில் மிகக் கடுமையாகத் தூங்கி விழுகிறவர்களையும் ஒட்சிசன் நீண்ட நேரம் கீழே கிடப்பவர்களையும் அதில் சேர்க்கவேயில்லை. அவர்களை வைத்தியம் இல்லாமல் விட்டுவைப்பது நியாயமில்லை என்பதுதான் காரணம். உங்கள் அப்பாவை அநேகமாக அந்த ஆய்வுக்கு எடுத்திருக்கமாட்டார்கள். பிறகு 2023இல் இப்படியான மூன்று ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரவுக்கு 4 மணித்தியாலமோ அதற்கு மேலோ போட்டவர்களுக்கு இதய, மூளைப் பாதிப்புகள் குறைந்திருந்தன. அதிலும் நான் முன்பு சொன்ன சந்தேகம் முழுக்க நீங்கவில்லை. ஆகவே என் நிலைப்பாடு இது: பகல் நித்திரைக்காகவும் விபத்துப் பயத்துக்காகவும் போடுங்கள், இதயத்துக்கும் நல்லது நடந்தால் அது மேலதிக வரவு. இலேசான தடை, பகலில் ஒரு அலுப்பும் இல்லை என்கிறவருக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன்.

கெடுதல் பக்கம் உயிராபத்தானது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சில்லறைத் தொல்லைகள் நிறைய. அவைதான் ஆட்களை மெஷினைக் கட்டிலுக்குக் கீழே தள்ள வைக்கின்றன. மூக்கு அடைப்பு, தொண்டை வரட்சி, மூக்குத் தண்டில் புண், காற்று கசிந்து கண்ணில் அடிப்பது, காற்றை விழுங்கி வயிறு ஊதுவது, மூடிக் கட்டியது போன்ற பயம். இவற்றில் முக்கால்வாசி மாஸ்க் சரியில்லாததால் வருவது. சுன்னாகத்துக் கடைக்காரர் ஒருவர் எந்த அளவு மாஸ்க் கொடுத்தாலும் இரவில் கசிகிறது என்று கொண்டுவந்து தந்துகொண்டிருந்தார். அவருக்கு இரவில் தலைக்கும் நெற்றிக்கும் நல்லெண்ணெய் தேய்த்துப் படுக்கிற பழக்கம். பட்டி வழுக்க, சிலிக்கோன் தோலில் பிடிக்கவில்லை. எண்ணெயை விடியப்புறத்துக்கு மாற்றிய பிறகு அந்த மாஸ்க்கே போதுமாக இருந்தது. அடர்ந்த மீசையும் இதே வேலையைச் செய்யும். மீசையை எடுக்கச் சொன்னால் அப்பா கோபிப்பார், ஆகவே மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க்கை முதலில் கேட்டுப் பாருங்கள். பயம் இருக்கிறவர்கள் பகலில் ரிவி பார்க்கும்போது அரை மணித்தியாலம் போட்டுப் பழகினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். சிலருக்குத் தொடக்கத்தில் மூளை மூச்சுக் கட்டளையைத் தவறவிடுகிற இன்னொரு வகைத் தடை தலைகாட்டும். அநேகமானோருக்கு அது சில கிழமையில் தானாகப் போகும், போகாவிட்டால் வைத்தியர் மெஷின் வகையை மாற்றுவார்.

"மெஷினுக்கு அடிமையாகி, பிறகு அது இல்லாமல் மூச்சே விடமுடியாமல் போகுமா?" என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. இல்லை. நுரையீரல் சோம்பேறியாவதும் இல்லை. நிறுத்தினால் சில நாட்களில் பழைய நிலைக்கே திரும்புவார், அதைவிடக் கீழே போகமாட்டார். ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். எத்தனை வருடம் போட்டாலும் இந்த மெஷின் நோயை மாற்றாது. போட்ட இரவுக்குத்தான் பலன். கெடுதல் என்று நான் எண்ணுவதில் இதுதான் பெரியது.

அடுத்தது செலவு. மெஷின் சில லட்சம் ரூபாய் என்பதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். மாஸ்க்கின் சிலிக்கோன் சில மாதத்தில் தளரும், பட்டி இழுபடும், ரியூப்பில் வெடிப்பு விழும், பில்ட்டர் மாற்ற வேண்டும், மெஷினே ஐந்து வருடமளவில் களைக்கும். இந்தச் சாமான்கள் யாழ்ப்பாணத்தில் நினைத்த நேரம் கிடைப்பதில்லை. வாங்குமுன், உதிரிகளைக் கொழும்பில் இருந்து எத்தனை நாளில் எடுத்துத் தருவார்கள் என்று கேளுங்கள். விலையைவிட முக்கியமான கேள்வி அது.

எங்கள் ஊருக்கென்று சில தொல்லைகளும் உண்டு, கையேட்டில் இருக்காது. ஈரப்பதத் தொட்டிக்குள் கிணற்றுத் தண்ணீர் விடவேண்டாம். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது போல அதிலும் படியும். காய்ச்சி வடித்த நீர்தான் விடவேண்டும், அதையும் தினமும் மாற்ற வேண்டும். உண்மையில் எங்கள் புழுக்கத்தில் பலருக்கு அந்தச் சூடாக்கியே தேவைப்படாது. ஏசி அறையில் படுக்கிறவர்களுக்குத்தான் மூக்கு காயும். சோளகம் வீசுகிற மாதங்களில் பில்ட்டர் புழுதியால் சாம்பல் நிறமாகிவிடும், அப்போது மாதம் ஒன்று என்ற கணக்கு சரிவராது, கிழமைக்கு ஒருதரம் கழற்றிப் பாருங்கள். ரியூப்பைத் தலைமாட்டுக்கு மேலால் கொண்டுவந்து நுளம்பு வலையின் வாய்ப்பக்கமாக உள்ளே விட்டால் புரளும்போது இழுபடாது. கழுவிய ரியூப்பை நிழலில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். நிலத்தில் போட்டால் எறும்பு குடிபோகும், இரவில் மாஸ்க்குக்குள் எறும்போடு எழும்பியவர் அதற்குப் பிறகு மெஷினைத் தொடமாட்டார்.

மின்வெட்டும் இருக்கிறது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. கரண்ட் போனால் மெஷின் நிற்கும், ஆனால் மூக்கு மாஸ்க் என்றால் வாயால் மூச்சு வாங்கலாம், வாயையும் மூடுகிற மாஸ்க்கில் வெளிக்காற்றை உள்ளே விடுகிற வால்வு இருக்கும், ஆகவே மூச்சடைத்துவிடும் என்ற பயம் தேவையில்லை. ஓரிரண்டு இரவு விடுபட்டால் குடி முழுகாது. அடுத்த நாள் வாகனம் ஓடாமல் இருந்தால் சரி. பற்றரி வைக்க விரும்பினால், சூடாக்கியை நிறுத்திவிட்டால் மெஷின் குடிக்கிற கரண்ட் நன்றாகக் குறையும். மெஷினுக்கு 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பின்பக்கம் பார்க்காமல் வான் பற்றரியில் கொழுவிவிடாதீர்கள்.

பெரியப்பாவின் மெஷினுக்கு வருகிறேன். நல்ல மனதோடு தருகிறார், ஆனால் அப்படியே வாங்கிப் போட்டுவிட வேண்டாம். அதில் இருப்பது அவருடைய அழுத்தம். இந்த மெஷின்கள் 4 முதல் 20 வரையான அழுத்தத்தில் (சென்ரிமீற்றர் நீர் என்ற அளவில்) காற்றைத் தரும். அப்பாவுக்கு எவ்வளவு என்பதை வைத்தியர் தீர்மானித்து மாற்றித்தர வேண்டும். பிலிப்ஸ் கொம்பனி 2021 ஜூனில் தன் முதல் தலைமுறை டிரீம்ஸ்ரேஷன் உட்பட ஏராளமான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து, அந்தத் துகளும் வாயுவும் மூச்சோடு போகக்கூடும் என்பதே காரணம். பெரியப்பாவின் மெஷின் அந்த வரிசையில் இருந்ததா, மாற்றித் தந்ததா என்று மாதிரிப் பெயரையும் தொடரிலக்கத்தையும் வைத்து அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். கனடாவின் 120 வோல்ட் ஒரு பிரச்சினை இல்லை. அடப்டரில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் இங்கே பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். மாஸ்க், ரியூப், பில்ட்டர் மூன்றும் புதிதாகத்தான் வேண்டும். காந்தக் கொளுக்கி உள்ள மாஸ்க் என்றால், அப்பாவுக்கோ பக்கத்தில் படுக்கிற அம்மாவுக்கோ பேஸ்மேக்கர் போன்றவை இருந்தால் அது வேண்டாம்.

மெஷின் இல்லாமல் வேறு வழி இருக்கிறதா? 42க்கு, தனியாக நம்பக்கூடியது குறைவு. கீழ்த் தாடையை முன்னால் இழுத்து வைக்கிற பல் கருவி இலேசான, நடுத்தரத் தடைக்கு நல்லது. வருடக்கணக்கில் போட்டால் பல் நகர்ந்து கடி மாறும். நாக்கு நரம்பைத் தூண்டுகிற கருவிக்கு அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. இங்கே ஒரு வான் சாரதி யோசிக்கிற விலையில் அது இல்லை. நிறை கூடியவர்களுக்கு ரிர்செபரைட் என்ற ஊசியை 2024 டிசம்பரில் அங்கே இந்த நோய்க்கே அனுமதித்தார்கள். அது பலன் தருகிறது, ஆனால் அதையும் நிறுத்தினால் நிறை திரும்பும், நீண்டகாலக் கேள்வி அதற்கும் உண்டு. மருந்தில்லாமலே நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஏ.எச்.ஐ ஏறக்குறைய கால்வாசி இறங்கும். எங்கள் ஆட்களில் சிலருக்கு நிறையே இல்லாமல் சின்னத் தாடையாலும் இது வருவதால், மெலிவது எல்லோருக்கும் மருந்தாகாது. பக்கவாட்டில் படுப்பது உதவும். மாலையில் கள்ளோ சாராயமோ எடுக்கிற பழக்கம் இருந்தால் அது தொண்டையை இன்னும் தளர்த்தும். நித்திரைக் குளிசையும் அப்படித்தான், வைத்தியருக்குத் தெரியாமல் எடுக்கக்கூடாது. இவற்றையெல்லாம் மெஷினோடு சேர்த்துச் செய்யலாம். நிறை நன்றாகக் குறைந்தால் திரும்பவும் பரிசோதனை செய்து, மெஷினை நிறுத்தியவர்களும் உண்டு. "ஆயுள் முழுக்க" என்பதை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, இடையில் அப்பாவுக்கு ஏதாவது சத்திரசிகிச்சை வந்தால், மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியரிடம் இந்த நோயைக் கட்டாயம் சொல்லி, மெஷினையும் ஆஸ்பத்திரி விடுதிக்கு எடுத்துப் போங்கள். மயக்கத்துக்கும் நோவுக்கும் கொடுக்கிற மருந்துகளோடு இது ஆபத்தாகலாம்.

மூன்று மாதம் கழித்து எப்படி எடைபோடுவது? அப்பாவிடம் "சுகமா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார், அதில் ஒன்றும் தெரியாது. எத்தனை இரவு, எத்தனை மணித்தியாலம், எவ்வளவு கசிவு, மெஷின் போட்ட பிறகும் மிஞ்சிய ஏ.எச்.ஐ எவ்வளவு என்பதெல்லாம் மெஷினுக்குள்ளேயே பதிவாகும். பத்து இரவில் ஏழு இரவாவது, இரவுக்கு 4 மணித்தியாலத்துக்குக் குறையாமல் என்பதுதான் வழமையாகப் பார்க்கிற குறைந்தபட்ச அளவு, கூடக்கூட நல்லது. மிஞ்சிய ஏ.எச்.ஐ 5க்குக் கீழே வந்து, பகல் நித்திரையும் போயிருந்தால் தொடருங்கள். மணித்தியாலம் சரி, ஏ.எச்.ஐயும் சரி, ஆனால் அப்பா இன்னும் கதிரையில் தூங்கி விழுகிறார் என்றால் மெஷினைக் குறை சொல்லாமல் தைரொயிட், இரத்தச்சோகை, போடுகிற குளிசைகள் என்று வேறு காரணம் தேடவேண்டும். மணித்தியாலமே சேரவில்லை என்றால் மாஸ்க்கில்தான் முதலில் கை வைக்க வேண்டும். எப்படியானாலும் அடுத்த கிளினிக்குக்கு மெஷினையும் மாஸ்க்கையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், அப்பா வழமையாகப் போடுகிற மாதிரியே வைத்தியருக்கு முன்னால் ஒருக்கா போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். இரவில் நடந்ததைக் கேட்க வேறு ஆள் இல்லை.